ஆரு நைனா

மல்லாட்டை பிடுங்கி முடிந்து, செஞ்சியில் எங்கள் தெருக்கோடியில் கடலைக்காய் உடைக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் எனக்கு வீசிங் வந்துவிடும். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு என் வீட்டுக்குத் தவறாமல் வரும் விருந்தாளி அந்த மிஷின் கிளப்பும் தூசி ஒன்றுதான்.

மகள் பெங்களூரில் ஆஸ்துமாவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறாள். சின்ன வயதில் என் மூச்சு அடிக்கும் விசிலைக் கேட்டுக்கொண்டே தூங்கியவள், வேறு எதைப் படிப்பாள்? சாயங்காலம் போன் பண்ணுவாள். அதற்குள் வெந்நீர் குடித்து, இருமவேண்டியதை எல்லாம் இருமி முடித்து, நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். தினமும் அடிக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த ஸ்ப்ரேயை நான் நிறுத்திவிட்டது அவளுக்குத் தெரியக்கூடாது. ஸ்ப்ரே எல்லாம் கடைசி ஸ்டேஜில்தான் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். எனக்குக் கடைசி ஸ்டேஜுக்குப் போக இஷ்டமில்லை. நிறுத்தியது தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள். அவள் வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் இழுப்பைக் காட்டி வரவழைக்க மனசு வரவில்லை.

அன்றைக்கு, "இன்னாதான் ஆராய்ச்சி பண்ற, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். அவள் பேசினால் நான் பேசவேண்டியதில்லை.

"மைக்ரோ ஆர்.என்.ஏ, நைனா."

"ஆரு நைனாவா? நான்தாம்மா ஒன் நைனா. அதுல இன்னா டவுட்டு?"

சிரித்தாள். "செல்லுக்குள்ள இத்துணூண்டு இருக்கும் நைனா. அத செய், இத செய்னு சேதி எட்த்துகினு போறது வேற ஆர்.என்.ஏ. இது அந்த சேதியப் புடிச்சி, போதும்னு அடக்கி வெக்கும்."

"இழுப்புக்கும் அதுக்கும் இன்னா?"

"ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு இதுல சிலது கொறஞ்சிடுது, சிலது ஏறிடுது. மூச்சுக்குழாய வீங்க வெக்கிற சேதிய அடக்க ஆளில்லாம பூடுது. எது எதுன்னுதான் பாத்துகினு இருக்கோம். மருந்து இன்னும் வரல."

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. வந்தவர்களிடம் நான் ஜோக் அடித்துக்கொண்டே போவேன். அடுப்படியிலிருந்து "போதும்" என்று ஒரே ஒரு சொல் வரும். அடங்கிவிடுவேன். இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணிடம்கூட ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தேன். காதில் விழாத மாதிரியே வாசித்தாள்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லவில்லை. எங்கள் ஊர் ராஜகிரிக்கோட்டை ஏறிய டூரிஸ்ட் ஒருவனைப் பற்றி ஒரு நீளமான ஜோக்கை ஆரம்பித்தேன். பாதி மலையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவனை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, "மீதி நாளைக்கு" என்றேன்.



"நைனா, ஜோக்கு சின்னதாயிகினே வருது. போன வாரம் இதே ஜோக்குல அந்தாளு உச்சி வரைக்கும் போனான்."

"வெயிலு ஜாஸ்தி, அதான்..."

"போதும்."

அவள் அம்மாவின் அதே குரல். வாயை மூடினேன்.

"ஸ்ப்ரே எங்க? எட்த்து அடி. நான் கேக்கணும்."

அலமாரியில் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். யாரிடமிருந்து என்று தெரியவில்லை. வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். குலுக்கி, வாயில் வைத்து அழுத்தி, உள்ளே இழுத்து அடக்கினேன். லைனில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சை விட்டபிறகு, ஜோக் எதுவும் சேர்க்காமல், "ஒரு தபா வந்துட்டுப் போம்மா" என்றேன்.

"சனிக்கிழம வரேன். அதுவரிக்கும் தினம் அடி. அந்தாளு மலையிலயே ஒக்காந்திருக்கட்டும்."