சாலமன் பிடித்த எருமை நாக்கு

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோது போன் வந்தது. சாலமன் போய்விட்டார் என்றார்கள். கடலிலா என்று கேட்டேன். “இல்லப்பா, ஊட்லதான். நாஷ்டா துன்னுக்கினு இருந்தாராம்.” அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. வாராவாரம் பழவேற்காட்டுக் கடலில் படகு ஓரத்தில் தொங்கிய மனிதரைக் கடல் ஒன்றும் செய்யவில்லை. இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தவரை மாரடைப்பு கொண்டுபோய்விட்டது.

நம் உருக்காலையில் அவர் மேலே கிரேன் ஓட்டினார். கீழே பாரத்துக்குச் சங்கிலி கட்டி, கைச்சைகை காட்டுகிற கலாசி நான். தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் என் கைதான். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். இந்தப் பழக்கத்தில் மீன் பிடிக்கவும் என்னையே கூட்டிக்கொண்டு போனார்.

ஈயத்தை மீன் போல வார்த்துக் கொக்கி மாட்டியது ஜிக். அதை அடிமணல் வரை இறக்கி, ஆட்டி ஆட்டி, எருமை நாக்கு மீனைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மணலோடு மணலாகத் தட்டையாகக் கிடக்கும் அந்த மீன் வந்து தட்டும்; தூண்டில் நுனி துடிக்கும். உடனே நான் தூக்கச் சொல்லிச் சைகை காட்டுவேன். அவர் வெடுக்கென்று இழுப்பார். வெறும் கொக்கி மேலே வரும். வலை போட்டால் அள்ளிக்கொண்டு போகலாமே என்று படகுக்காரர் ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொள்வார்.

இதற்கிடையில் அவர் மனைவி ஜெயசீலி கெடு வைத்துவிட்டார். ஈஸ்டருக்குள் ஒரு எருமை நாக்காவது வீட்டுக்கு வர வேண்டும். இல்லையென்றால் தூண்டிலைக் கட்டி வைத்துவிட்டு, ஞாயிறுதோறும் சர்ச் பாடகர் குழுவில் நிற்க வேண்டும். சாலமனின் குரலை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். சபையார் அத்தனை பேரும் மீனுக்காகத்தான் ஜெபித்திருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை ஆலையில், சங்கிலி தொளதொளவென்று கிடக்கும்போதே நான் அவசரப்பட்டுத் தூக்கச் சொல்லிவிட்டேன். அவர் வழக்கம்போல மெல்ல இழுத்து, சங்கிலி இறுகி, பாரம் ஏறிய பிறகே தூக்கினார். உடனே அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கேபினிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்: “யோவ், மீனு இதனாலதான்யா போவுது!”

விபத்து என்று நினைத்து ஆட்கள் ஓடி வந்தார்கள். சூப்பர்வைசர் மெமோ கொடுப்பேன் என்றார். சாலமன் கீழே இறங்கி அவருக்கும் பாடம் எடுத்தார். மீன் முதலில் வாயில் வைத்துப் பார்க்கிறதாம்; அப்போது இழுத்தால் கொக்கி எங்கே ஏறும்? ஜிக் இறங்கும்போதும் தூண்டில் நரம்பு தளரக் கூடாது. தட்டினால் சும்மா இருக்க வேண்டும். “பாரம் வர்ட்டும் சார், அப்பால தூக்கலாம்.” சூப்பர்வைசர் மெமோவை மறந்துவிட்டு, ஜிக் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, கொக்கி முனையை அரத்தால் தீட்டிக்கொண்டு வந்தார். மீன் தட்டியது. தூக்கச் சொல்லி என் விரல் தானாக மேலே போய்ச் சுழன்றது. அவர் அசையவில்லை. மறுபடியும் தட்டியது. நான் எழுந்து நின்று கையைச் சுழற்றியதில் படகு ஆடியது; படகுக்காரர் திட்டினார். சாலமன் திரும்பிப் பார்க்காமலே இடது கையை என் முகத்துக்கு நேராக மூடிக் காட்டினார். எங்கள் பாஷையில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன்.

தூண்டில் மெல்ல வளைந்தது. அதன் பிறகுதான் நிதானமாகத் தூக்கினார். இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக, தாம்பாளம் அகலத்துக்கு மேலே வந்தது எருமை நாக்கு. கொக்கி தாடையில் அழுத்தமாக ஏறியிருந்தது. படகுக்காரரே அதை வாங்கிக் கையில் எடை பார்த்தார். ஜெயித்த சந்தோஷத்தில் சாலமன் மறுநாள் சர்ச்சுக்குப் போய்ப் பாடவும் செய்தார். மீன் கிடைத்தும் சபையார் தப்பவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த மூடிய கைதான். பதற்றம் வரும்போதெல்லாம் அது கண்முன் வருகிறது, நின்றுவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் நான் கை காட்டாமல் அவர் தூக்கியது அந்த ஒரு மீனைத்தான். நான் கை காட்டாமல் அவர் கிளம்பியது இப்போதுதான்.