எங்கே படித்தவர்

மாலை ஆறு பத்து. தல்லாகுளத்தில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பெயர்ப்பலகைதான். கறுப்பு கிரானைட்டில் வெள்ளை எழுத்து. முதல் வரியில் டாக்டரின் பெயர். அடுத்து எம்.டி., பொது மருத்துவம். அதன் கீழே, அரசு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்ற விவரம். கடைசியில் தங்கப் பதக்கம். நின்று முழுவதையும் வாசித்தேன். அதற்குள் என் மனைவி படியேறி மேலே போய்விட்டாள். வழக்கமாக நடுவில் நின்று மூச்சு வாங்குகிறவள் அன்று எங்கேயும் நிற்கவில்லை. அது எனக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பலகையை வாசிப்பது நாளிதழில் வேலை பார்த்தபோது வந்த பழக்கம். வாராவாரம் மருத்துவப் பக்கம் என் மேசைக்கு வரும். டாக்டரின் பட்டத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனால் மறுநாள் காலையிலேயே போன் வரும். அதனால் யார் எங்கே படித்தார், எந்த ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று கேட்டு உறுதிசெய்துகொள்வேன். ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. பொது மருத்துவர்கள் என்றால் இன்னும் அதிகம். அவர்கள் கத்தி எடுப்பதில்லை. கேட்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், தட்டிப் பார்க்கிறார்கள், பிறகு முடிவு சொல்கிறார்கள். அவர்களை எடைபோட நம்மிடம் இருப்பது அவர்கள் படித்த இடம் ஒன்றுதான் என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையோடுதான் ஆறு வாரங்களுக்கு முன்பு என் மனைவியைச் செல்லூரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம். கீழே விசைத்தறிக் கூடம், மாடியில் கிளினிக். அன்று நல்ல மழை, கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன. பலகை இருட்டில் கிடந்தது. டாக்டருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் என் மனைவியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் குறுக்கே புகுந்தேன். "டாக்டர் எந்தக் காலேஜ்?"

"ரஷ்யாவுல படிச்சேன் சார்."

"வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு இங்க வைக்கிற பரீட்சை எழுதினீங்களா?"

"எழுதினேன். அதுக்கப்புறம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில பொது மருத்துவம் மூணு வருஷம் மேற்படிப்பு."

"எம்புட்டுத் தடவை எழுதினீங்க?"

"ரெண்டு தடவை."

ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். ஒளிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என் மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

படியில் இறங்கும்போது நான் சொன்னேன்: "இங்க மெடிக்கல் சீட் கிடைக்காதவங்கதான் அங்க போறது. போர்டுல ரஷ்யான்னு போட்டிருக்க மாட்டாங்க பாரு. போட்டா ஒரு ஆளு இந்தப் படி ஏற மாட்டான்."

"டாக்டரைப் பார்க்க வந்தீங்களா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக மாதிரி பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றாள் அவள். "என்னைய ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?"

சிரித்து மழுப்பினேன். சீட்டை அவளே கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு பழைய சகா ஒருவர் மூலமாகத் தல்லாகுளத்துப் பேராசிரியரிடம் நேரம் கேட்டு வைத்தேன். ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் போகிறார்கள். நாள் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அதுவரை அவள் மூச்சு வாங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல டாக்டராகப் பார்த்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்குப் போதுமாக இருந்தது.

பேராசிரியர் எழுபதை நெருங்கியவர். நாங்கள் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன். "சார், மூணு மாசமா இவளுக்குப் படியேறினா மூச்சு வாங்குது. தலைசுத்தல். கால் ஓய்ச்சல்."

அவர் அவளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"அது அப்ப சார்."

"இப்ப?"

"இப்ப தேவலை."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்லை சார்" என்றேன். "வேற யார்கிட்டயும் காட்டலை. சரியான ஆளாப் பார்த்துக் காட்டணும்னுதான்..."

"சாப்பிடுறேன்" என்றாள்.

கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஸ்கேனையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போறேன் என்று அவள் கிளம்பிய சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தன.

பேராசிரியர் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தார். "மாதவிலக்கு ரொம்ப நாளா அதிகமாப் போயிட்டிருந்துச்சா?"

"ஒரு வருஷமா சார்."

"இது யாரு வைத்தியம்?"

"செல்லூர்ல ஒரு லேடி டாக்டர். அவுகதான் ஸ்கேனும் எடுக்கச் சொன்னாக. கர்ப்பப்பையில சின்னக் கட்டி இருக்குன்னு அதுக்கான டாக்டர்கிட்டயும் அனுப்பினாக."

"நல்லாப் பண்ணியிருக்காங்க. ஆறு புள்ளி எட்டுல இருந்த ரத்தம் ஒன்பதைத் தாண்டிருச்சு. நானா இருந்தாலும் இதைத்தான் எழுதுவேன். அங்கேயே தொடர்ந்து போங்கம்மா." பிறகு என் பக்கம் திரும்பினார். "அஞ்சு வாரம் சும்மா இருந்துட்டு என்கிட்ட வந்திருந்தீங்கன்னா ரத்தம் ஏத்த வேண்டி வந்திருக்கும். சார் என்ன வேலை?"

"பத்திரிகையில இருந்தேன்."

"அதான் என் போர்டை அம்புட்டு நேரம் வாசிச்சீங்களா? கேமராவுல பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் யாரிடம் பயிற்சி பெற்றார் என்று கேட்க ஒரு கேள்வி தயாராக வைத்திருந்தேன். அதைக் கேட்காமலே எழுந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் கேட்டேன். "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அந்தம்மாவைப் பத்தி இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பீங்க. உங்களை வச்சுக்கிட்டு மாதவிலக்கைப் பத்தி எங்க பேசுறது? மறுநாள் தனியாப் போனேன். அரை மணி நேரம் கேட்டாக."

"அப்புறம் இன்னைக்கு ஏன் வந்த?"

"உங்க மனசு ஆறட்டும்னுதான்."

ஆட்டோ பாலத்தில் ஏறியது. பிறகு அவளே சொன்னாள். "படியில நீங்க பேசினது மேல கேட்டிருக்கு. தறி ஓடியிருந்தா கேட்டிருக்காது."

"டாக்டர் சொன்னாங்களா?"

"அவுக ஒண்ணும் சொல்லலை. நான் போனதும் உட்காருங்கம்மான்னாக, அம்புட்டுத்தான். வாசல்ல உட்கார்ந்து டோக்கன் சீட்டு எழுதுற பிள்ளைதான் சொல்லுச்சு. 'நேத்து உங்க வீட்டுக்காரர் கத்திக்கிட்டே போனாரே'ன்னு."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தது போலிருந்தது. பார்க்காமலும் இருந்திருக்கலாம். நாற்பது வருடத்தில் எத்தனையோ பேர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் போட்டு அச்சேற்றியிருக்கிறேன். நான் சொன்ன ஒன்று எனக்குத் தெரியாமல் ஆறு வாரமாக ஒரு மாடியில் இருந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்த டாக்டர் மறுநாள் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

அடுத்த வாரம் செல்லூருக்கு நானும் கூடப் போனேன். மேலே ஏறி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு வீட்டிலிருந்து நடந்த தூரம் முழுவதும் ஒரு வாக்கியம் தேடினேன். எதை எடுத்தாலும் அது பத்திரிகையில் போடும் மறுப்புச் செய்தி போலவே வந்தது. கீழே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

"வாரீங்களா, இங்கனயே நிக்கிறீங்களா?" என்றாள் என் காதருகில்.

"நிக்கிறேன்."

அவள் கைப்பிடியைத் தொடாமல் ஏறிப் போனாள். நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அன்று கரண்ட் இருந்தது. தகரப் பலகைக்கு மேலே குழல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் வரியில் டாக்டரின் பெயர். இரண்டாவது வரியில் எம்.பி.பி.எஸ். என்றும், அதை ஒட்டி, அதே அளவு எழுத்தில், ரஷ்யா என்றும் எழுதியிருந்தது.