ஜெயம் திருப்பிக் கேட்ட முகூர்த்தச் சேலை

ஆரணியில் ஜெயத்தின் வீட்டில் தறி ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் யாரும் தறிச் சத்தத்தைக் கேட்பதில்லை. ஜெயத்தின் பேச்சு கேட்டால் தறி ஓடுகிறது என்று அர்த்தம். கணவர் வீரபாகு குழித்தறியில் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்து அவள் சேலைக் கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவாள். இருபத்திரண்டு வருடமாக அதே இடம். கை ஒரு பக்கம் போக, வாய் இன்னொரு பக்கம் போகும். பஸ் ஸ்டாண்டில் பார்த்த சண்டை, சீரியலில் செத்துப் பிழைத்தவள், நாத்தனார் வீட்டு ஃபிரிட்ஜ், எல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் வந்து போகும். வீரபாகு ‘உம்’ போடுவார். ‘உம்’ வராவிட்டால் நாடா நின்றுவிடும்.

அப்படிப்பட்டவள் ஐப்பசியில் இருமத் தொடங்கினாள். மழைச் சளி என்றாள். பிறகு தூசு என்றாள். மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு சுட்டது. ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. செய்யாறு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகள் தேவிப்ரியா, ஒருநாள் லீவு போட்டு அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சளியைப் பரிசோதித்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் தினமும் மாத்திரை, முழுக்கக் குணமாகிவிடும், ஒருநாள்கூட விடக்கூடாது என்றார்கள்.

ஜெயம் அழவில்லை. அவள் நினைப்பு ஒரு சேலையின் மேல் போய் நின்றது. பக்கத்துத் திருமலை கிராமத்து ஜீவந்தரன் தன் மகள் அமிர்தாவின் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் முன்பு வாங்கிப்போன அரக்கு நிறச் சேலை. இழை அறுந்தால் ஜெயம் நுனியை நாக்கில் தொட்டு, விரலால் முறுக்கி ஒட்டிவிடுவாள். அந்தச் சேலையில் எத்தனை இடத்தில் அப்படி ஒட்டினாள்? எத்தனை முறை இருமிக்கொண்டே ஒட்டினாள்? எச்சிலோடு நோயும் இழையில் ஏறியிருந்தால், அதையல்லவா அந்தப் பெண் உடுத்திக்கொண்டு மணவறையில் உட்காரப்போகிறாள்?

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். செவ்வாய்க்கிழமை ஜெயம் போனை எடுத்தாள்.

“அண்ணே, அந்தச் சேலைய கொஞ்சம் திருப்பிக் குடுங்க. ஒரு சின்ன கோளாறு கீது.”

“இன்னாம்மா கோளாறு? விரிச்சிப் பாத்தோமே, நல்லாதான இருக்குது.”

“கண்ணுக்குத் தெரியாத கோளாறுண்ணே.”

“அப்ப போட்டோலயும் தெரியாது, வுடும்மா,” என்று சிரித்தார் ஜீவந்தரன். “ஜாக்கெட்டே தச்சாச்சு.”

ஜெயம் போனை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “ஜல்தி கெளம்புங்க. அடுத்த பஸ்ஸுக்குத் திருமலை போயி சேலைய வாங்கிகினு வாங்க.”

“போயி இன்னான்னு சொல்றது?”

“என் பொண்டாட்டி இருமிட்டான்னு சொல்லுங்க.”

வீரபாகு சட்டைக்குள் ஒரு கையை விட்டிருந்தபோது, வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் லீலா, நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பவள், முகவரி விசாரித்து வந்திருந்தாள். ஜெயம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சேலைக் கதையை ஒரே மூச்சில் சொன்னாள். லீலா தறி அறையை எட்டிப் பார்த்தாள். பட்டப்பகலில் டியூப் லைட் எரிந்தது. இருந்த ஒரே ஜன்னலும் சாத்தி, இடுக்கில் பழந்துணி அடைத்திருந்தது.

“இத ஏன் அடைச்சி வச்சிகீறீங்க?”

“காத்து பட்டா பாவு நூலு காஞ்சி இழ அறுந்துகினே இருக்கும் சிஸ்டர்,” என்றார் வீரபாகு. “எங்கப்பா காலத்துலருந்தே தொறந்தது கெடையாது.”

“அக்கா, இது சேலையில ஒட்டிகினு போற நோயில்ல. துணி, தட்டு, டம்ளர், எதுலயும் போவாது. கல்யாணப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது. இருமும்போதும் பேசும்போதும் கிருமி மூச்சோட வெளிய வந்து காத்துல மெதக்கும். இந்த மாதிரி அடைச்ச ரூம்ல மணிக்கணக்கா அப்படியே நிக்கும். தெனம் கூடவே உக்காந்து அந்தக் காத்த இழுக்கறவங்களுக்குத்தான் போவும்.”

ஜெயம் மெல்லத் திரும்பி வீரபாகுவைப் பார்த்தாள். திருமலையில் இருக்கும் பெண்ணுக்காகத் துடித்துக்கொண்டிருந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் ‘உம்’ போட்டுக்கொண்டிருந்த மனிதர் அவள் நினைப்பிலேயே வரவில்லை. சட்டையில் ஒரு கையோடு அவர் அப்படியே நின்றார். திருமலைக்குப் போட எடுத்த சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். தேவிப்ரியாவும் போனாள்.

பரிசோதனை முடிவு தெரியும் வரை அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. தெருக்காரர்கள் ஜெயம் ஊருக்குப் போயிருப்பதாகவே நினைத்தார்கள்.

இருவருக்கும் நோய் இல்லை. வராமல் தடுக்க இருவருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சேதி கேட்டதும் ஜெயம் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“இருபத்திரெண்டு வருசமா நீ பேசறத ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல வுட்டேன்,” என்றார் வீரபாகு. “அதான் தப்பிச்சேன்.”

அழுதவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

தேவிப்ரியா சிரிக்கவில்லை. இடுக்கில் இருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “காலேஜ்ல படிச்சேன்மா. காசநோய் காத்துல பரவும்னு பரீட்சைல எழுதி மார்க்கும் வாங்குனேன். இந்த ஜன்னல ஒருநாளும் பாக்கல.”

ஜன்னல் திறந்தது. டாக்டர் சொல்லும் வரை ஜெயம் தறியில் உட்காரக்கூடாது என்று ஏற்பாடு. மாஸ்க் போட்டுக்கொண்டு சந்தில் நாற்காலி போட்டு, ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்தாள். வாயை யார் நிறுத்துவது? உள்ளே தேவிப்ரியா ஷிப்ட் இல்லாத நேரங்களில் கோணலாகக் கரை போட, வெளியிலிருந்து கதையும் திட்டும் மாறி மாறி வந்தன.

மாத்திரை தொடங்கிய மறுநாள் ஜெயம் லீலாவுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தாள். “சிஸ்டர், ஒண்ணுக்குப் போனா ஒரே ஆரஞ்சா போவுது.”

“மாத்திர கலருதான்க்கா. பயப்படாதீங்க.”

“பயமில்ல சிஸ்டர். கலரு அம்சமா கீது. இதுல ஒரு சேல நெய்யலாம்.”

மூன்றாம் மாதம் டாக்டர் தறியில் உட்கார விட்டார். இருமல் போயிற்று, ஜாக்கெட் தோளில் நின்றது. இனி மாத்திரை எதற்கு, அது வயிற்றைப் புரட்டுகிறது என்றாள் ஜெயம்.

“நாலு முழம் நெய்ஞ்சிட்டு சேலன்னு அறுத்துக் குடுப்பியா?” என்றார் வீரபாகு.

“பாதியில வுட்டா மிச்சம் இருக்கிற கிருமி மாத்திரைக்கு அடங்காம போயிடும்,” என்றாள் லீலா. “அப்புறம் பெரிய வைத்தியம், பெரிய பேஜாரு.” வயிறு புரட்டாமலிருக்க டாக்டரிடம் கேட்டு வழியும் சொன்னாள். ஜெயம் முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். ஒருநாளும் விடவில்லை.

வைகாசியில் கடைசிப் பரிசோதனையில் சளி சுத்தம் என்று வந்தது. அதே வாரம் ஜீவந்தரன் போன் செய்தார். அமிர்தா உண்டாகியிருக்கிறாள், வளைகாப்புக்கு இவர்கள் தறிச் சேலைதான் வேண்டுமாம். “கலர் நீயே சொல்லும்மா. இந்தத் தடவ கோளாறு இல்லாம குடு.”

“ஒரு ஆரஞ்சு வச்சிகீறேண்ணே,” என்றாள் ஜெயம். பக்கத்தில் மாத்திரை கார்டில் எழுதிக்கொண்டிருந்த லீலா பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஆரஞ்சுப் பாவு தறியில் ஏறியது. முதல் நாளே ஜன்னல் காற்றில் ஓர் இழை அறுந்தது. வீரபாகு கை நீட்டுவதற்குள் ஜெயம் நுனியை எடுத்தாள். ஒரு நொடி பார்த்தாள். பிறகு நாக்கில் தொட்டு, முறுக்கி, ஒட்டினாள்.

“ஜன்னல கொஞ்சம் சாத்தட்டா?” என்றார் அவர்.

“தரையில தண்ணி தெளிங்க, பாவு காயாது. காத்து வரட்டும்.”

தண்ணீர் தெளித்துவிட்டு வந்து அவர் உட்கார்ந்தார். விட்ட இடத்திலிருந்து அவள் கதையைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நாடா நின்றது.

“இன்னா?” என்றார் வீரபாகு.

“‘உம்’ எங்க காணம்?”