ஊட்டியில் கேட்காத கைதட்டல்

எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. ஊட்டி கோடை இசை விழாவில் பாட ஈரோட்டிலிருந்து போயிருந்தேன். மத்தியானம் ஆலங்கட்டி மழை கொட்டியதில், மே மாதத்திலும் பல் தந்தியடித்தது.

முதல் பாட்டை முடித்தேன். கைதட்டலே இல்லை. அடுத்த இரண்டு பாட்டுக்கும் அப்படித்தான். மேடை விளக்கு கண்ணைக் கூசவைத்ததில் எதிரே ஒரே இருட்டு. ஆசையாகத் தயார் செய்திருந்த கல்யாணி ராகத்தை விட்டுவிட்டு, வயலின் அக்காவிடம், "மங்களம் பாடி எந்திரிச்சுக்கலாங்க்கா" என்றேன். மைக் அதை ஊருக்கே சொல்லிவிட்டது.

முன்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார். "ஏனுங்க, அதுக்குள்ளயா?"

"ஒருத்தர்கூடக் கை தட்டலைங்களேம்மா."

"தட்டிக்கிட்டேதானுங்க இருக்கோம்" என்று வெளிச்சத்தில் கைகளை நீட்டினார். தடித்த கம்பளி கிளவுஸ்.

யாரோ அரங்க விளக்கைப் போட்டார்கள். அத்தனை கைகளிலும் கிளவுஸ். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கழற்றிவிட்டுத் தட்டினார்கள் பாருங்கள், தகரக் கூரையில் மறுபடி ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருந்தது.

கல்யாணியை ஆசைதீரப் பாடினேன். அந்தக் குளிரில் கடைசிவரை ஒருவரும் கிளவுஸைத் திரும்பப் போடவில்லை. சிவந்த விரல்களால் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் பாடினாலும், அரங்க விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.