எதிர்ப்பு சக்தி கூடிப்போனவள்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் சொந்தம் முளைத்துவிடும். எங்கள் வீட்டுக்கு வருஷம் தவறாமல் வருபவர் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு மதினி. சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குவார்.

எனக்கு முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே என் மூட்டுகளைக் கடித்துத் தின்கின்றன. அவற்றில் ஒரு வகையைத் தேடிப்பிடித்து ஒழிக்கிற மருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலியில் நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அது ஏறிய பிறகுதான் ரவிக்கைக் கொக்கியை நானே மாட்ட முடிந்தது. அதுவரை வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுவார், ஒரு கண் டி.வி.யில் இருக்கும். இப்போது மருந்தின் வேகம் குறைந்து விரல்கள் மறுபடி மடங்காமல் முறைக்க ஆரம்பித்திருந்தன. திங்கட்கிழமை அடுத்த டோஸ். காய்ச்சல் இருந்தால் ஏற்ற மாட்டோம், கூட்டத்தில் சேராதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கூட்டம் வீடு தேடி வந்தது. ஐந்தருவியில் அரை நாள் நின்றுவிட்டு, மூக்கு ஒழுக, ஈரத்தலையோடு மதினி என்னைக் கட்டிப்பிடித்தார். தள்ளி நில்லுங்கள் என்றேன். கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. மகராசி, இரக்கப்பட்டார். அடுக்களைக்குப் போய் சீந்தில்கொடிப் பொடியை வெந்நீரில் கலக்கி, போகிற போக்கில் ஒரு தும்மலையும் போட்டு நீட்டினார்.

“ஏட்டி, இதக் குடி. எதிர்ப்பு சக்தி ஏறும்.”

அது கூடிப்போனதுதான் மதினி என் சீக்கே என்றேன். கடிக்கிற நாய்க்குக் கறிச்சோறு போடுவார்களா என்றும் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்த என் வீட்டுக்காரரோ, அக்கா சொல்லுததும் சரிதானே என்று தலையை ஆட்டினார். டாக்டருக்கும் இதே தலையைத்தான் ஆட்டியிருந்தார். பொடித் தண்ணீரை வாழைமூட்டில் கொட்டிவிட்டேன். ஒட்டிக்கொண்ட சளியை எங்கே கொட்ட?

திங்கட்கிழமை எனக்கு நல்ல காய்ச்சல். மருந்து ஏற்றாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மதினியின் போன். பாத்தியா, அந்த ஊசி போட்டுப் போட்டுத்தான் உனக்கு இப்படி ஆகுது என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போனை வீட்டுக்காரரின் மடியில் போட்டேன்.

ஆலங்குளம் தாண்டியதும் அவரிடம் சொன்னேன்.

“அடுத்த சாரலுக்கு உங்க அக்கா லாட்ஜில தங்கட்டும். இல்லன்னா நான் போய் லாட்ஜில தங்குதேன். எனக்கு என் கை வேணும்.”

மடியில் கிடந்த போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு, சீசனில் ரூம் கிடைக்காதே என்றார்.

யாருக்கு என்று சொல்லவில்லை.