இட்லியைத் தொட்டால் போண்டா

யாழினி, பரிதி... செவ்வாய்க்கிழமை அப்பா ஏன் பள்ளிக்கூட வாசலுக்கு வரவில்லை என்று இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "ஏதோ கம்ப்யூட்டர் வேலையாம்" என்று அம்மா சொன்னது பாதிக் காரணம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிற மற்ற பிள்ளைகளும் உட்காருங்கள். எனக்கு இன்னும் கை பரபரவென்று இருக்கிறது!

மந்தைவெளியில் முருகேசன் அண்ணனின் டிபன் கடை. நாலு மணிக்குத் திறந்தால் ஆறு மணி வரை கூட்டம் குறையாது. அங்கே காய் நறுக்குகிறவர் ஜரினா அக்கா. முன்பு தி. நகரில் ஒரு துணிக்கடை கவுண்டரில் நின்றவர். சில வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. நாள் முழுக்க மனிதர்களோடு பேசியவருக்கு இப்போது வெங்காயமும் கோஸும்தான் துணை.

கவுண்டரில் நிற்கிறேன் என்று அவர் கேட்டிருக்கிறார். ஆர்டர் காதில் விழாதே என்றார் அண்ணன். நியாயம்தானே?

அந்தக் கடைக்கு வயரிங் செய்பவன் நான். சும்மா இருப்பேனா? வருகிறவர்கள் ஸ்கிரீனைத் தொட்டு ஆர்டர் கொடுக்கட்டும், அது கவுண்டரில் அக்கா முன்னால் எழுத்தாக வரட்டும், காது எதற்கு என்று சொன்னேன். அண்ணன் யோசித்தார். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் பார்க்கலாம், சரிவராவிட்டால் அக்கா பழையபடி உள்ளேதான் என்றார்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதை இயக்கும் மென்பொருள் லினக்ஸ். மெனு புரோகிராம் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. கூடவே ஒரு டச் ஸ்கிரீன். ஒரே ஒரு தொல்லை. ஸ்கிரீன் படுக்கை வாட்டத்துக்குச் செய்தது. கவுண்டர் பக்கத்துத் தூணோ ஒல்லி. அதனால் ஸ்கிரீனை நிமிர்த்தி மாட்டினேன். படமும் நிமிர வேண்டுமே? செட்டிங்ஸில் ஒரு வரி எழுதினேன். படம் ஜம்மென்று திரும்பி நின்றது. நாலு மூலையிலும் பெரிய பெரிய பட்டன்கள். மேலே இட்லி, வடை. கீழே போண்டா, காபி. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு இது போதாதா? காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அண்ணன் வந்து இட்லியைத் தொட்டார். போண்டா என்று வந்தது.

மறுபடி தொட்டார். மறுபடியும் போண்டா.

"இன்னா நைனா இது? மணி மூணரை ஆவுது. நாலு மணிக்கு ஜனம் வந்துரும். அதுக்குள்ள சரியாவலன்னா கழட்டி வெச்சிடு."

அவர் அக்காவைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வியர்த்தது. கண்ணாடி பழுது என்று நினைத்தேன். துடைத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன். போண்டா... போண்டா... போண்டா! வேறு ஸ்கிரீன் வாங்க ரிச்சி தெருவுக்கு ஓடினாலும் நாலுக்குள் திரும்ப முடியாது. கடையில் இருந்த இரண்டு மாஸ்டர்களும், போண்டா மட்டும் போட்டால் போதும் போல என்று என் காது படவே பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த அதிசயம்.

நான் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்கிரீனைத் தொட ஆரம்பித்திருந்தார். எட்டிப் பார்த்தேன். இட்லி வந்தது. வடை வந்தது. காபி வந்தது. கேட்டது கேட்டபடி! எப்படி?

அவர் இட்லிக்கு இட்லியைத் தொடவில்லை. வடையைத் தொட்டார். காபி வேண்டுமானால் போண்டாவைத் தொட்டார்.

"கெட்டுப்போவல தம்பி," என்றார். "எல்லாம் ஒரு மூலை தள்ளிக் கீது, அவ்ளோதான்."

எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது! ஸ்கிரீனில் பழுதே இல்லை. நான் படத்தை மட்டும் திருப்பியிருக்கிறேன். விரலைப் படிக்கிற பகுதி தனி... அது இன்னும் படுத்துக்கொண்டே இருக்கிறது! கண்ணுக்கு ஒரே கண்ணாடிதான். உள்ளே காட்டுவது ஒன்று, தொடுவதை உணர்வது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை.

போனில் தேடினேன். அதற்கென்று தனியாக ஒரு வரி இருந்தது. ஆறே ஆறு எண்கள். எல்லாம் பூஜ்யமும் ஒன்றும்தான், நடுவில் ஒரே ஒரு மைனஸ். எழுதினேன். ஆன் செய்தேன். இட்லியைத் தொட்டேன்.

காபி!

எதிர்மூலை. சரி, கால் சுற்று இந்தப் பக்கம் திருப்புவதற்குப் பதில் அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். இணையத்தில் அதற்கு அடுத்த வரியிலேயே மறுபக்கத்துக்கான ஆறு எண்களும் இருந்தன. மாற்றி எழுதினேன். மணி மூன்று ஐம்பத்தெட்டு.

இட்லி... இட்லி. வடை... வடை. பிள்ளைகளே, ஒரு இட்லி அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை!

முதலில் வந்தவர் ஒரு பாட்டு டீச்சர். தொட்டார், அக்கா தட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டு போனார். அக்காவுக்குக் காது கேட்காது என்பதே அவருக்குத் தெரியாது. கூட்டம் சேரச் சேர அக்காவின் கை வேகமெடுத்தது. நடுவில் தமாஷ் ஒன்று. ஒரு தாத்தா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார். அவர் காபி என்று விரலால் டம்ளரைக் காட்ட, அக்கா எட்டிப் போண்டாவைத் தொட்டார். போண்டாவே வந்தது! அரை மணி நேரத்தில் படித்த தப்புக் கணக்கை அக்கா இன்னும் மறக்கவில்லை. அவரே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆறு மணிக்கு அண்ணன் கல்லாவைப் பூட்டினார். உள்ளே பார்த்து, "நாளைக்கு வெங்காயத்துக்கு வேற ஆளப் பாருங்கடா," என்றார்.

ஒரு பொருள் நாம் சொன்னபடி கேட்காவிட்டால் உடனே அதைப் பழுது என்று சொல்லிவிடுகிறோம். அது என்ன செய்கிறது என்று ஒருவர்தான் பொறுமையாகப் பார்த்தார்.

எல்லோரும் பாத்திரம் கழுவப் போன பிறகு, திருகுகளை இறுக்குவதற்காக ஸ்கிரீனைத் தூணிலிருந்து இறக்கினேன். எந்த வேலை முடித்தாலும் பின்பக்கம் மார்க்கரால் அவரவர் பெயரை எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். மார்க்கர் மூடியைத் திறந்தேன். 'ஜரினா' என்று எழுதி, திருப்பி மாட்டினேன்.

தூணுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.