சன்னல் ஐஸ்

காலையில் சன்னல் பலகையைத் தள்ளித் திறந்தால், முகத்தில் அறைகிற பனிக்காற்றோடு ரோஜா சிரப்பின் வாசனையும் சேர்ந்து வரும். வெளிப்பக்கத்துக் கட்டையில் வரிசை கட்டி நிற்கும் பால் டின்களில் ஒன்றைத் தொட்டால் விரல் விறைத்துப் போகும். அந்த டின்களுக்குள் இருந்ததுதான் எங்கள் 'சன்னல் ஐஸ்'. ஐஸ் என்று பெயரே தவிர, அதில் ஐஸ் கிடையாது. அகார்-அகார் என்கிற கடற்பாசியைக் காய்ச்சி, சீனியும் சிரப்பும் கலந்து, டின்னில் ஊற்றி, இறுகத் தொடங்கும் நேரம் பார்த்து நடுவில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிக் குளிரில் நிறுத்தி வைத்தது, அவ்வளவுதான். குச்சியைப் பிடித்துத் தூக்கினால் பாதி வரும், பாதி 'தொபுக்' என்று விழும். விழுவதைப் பிடிக்க இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டு தின்னும் வித்தை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டில் செய்து மகிழ இன்னின்ன பண்டங்கள் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். படிக்கும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. கேமரன் மலையில் எங்களுக்குக் கோடை ஏது? வருடக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால், மழையும் மூடுபனியும் பிடித்துக்கொள்ளும். எதிரே இருக்கும் தேயிலைச் சரிவுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு விடுமுறையைத்தான், எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதும் தம்பி குமாருக்கு ஐந்து வயதுமாக இருந்தபோது வந்ததைத்தான், என் வாழ்நாளிலேயே இனிப்பான விடுமுறை என்று சொல்வேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம்.

அந்த வருடம் மழைச் சேற்றில் கொழுந்து லோரி சறுக்கியதில் அப்பாவின் வலது கால் முறிந்துவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு, கட்டுப் பிரித்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் சமதளத்தில் கட்டையூன்றி நடப்பது வேறு, மலைச்சரிவில் ஏறி வேலை பார்ப்பது வேறு. எங்கள் தோட்டத்து வழக்கப்படி, ஆம்பிளை வேலைக்கு வராத வீட்டைக் காலிசெய்து வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மா விடிந்ததும் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறாளே என்றால், அதெல்லாம் கணக்கில் சேராது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்பா 'பெரட்டு'க்கு, அதாவது காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்க வேண்டும். இல்லையென்றால் வீடு போய்விடும். இது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சிரித்து விளையாடினேன், பிள்ளைமனசு அப்படி.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அப்பாவுக்குக் கை அரித்தது. முதலில் எங்கள் இருவருக்காகத்தான் ஆரம்பித்தார். பால் டின்னில் கயிறு கோத்து, செருப்புபோல் மாட்டிக்கொள்ள 'டின் சப்பாத்து' செய்து தந்தார். வீட்டுக்குள்ளேயே டொக் டொக்கென்று நடந்து அடுத்த வீட்டு ஆட்களிடம் வசை வாங்கினோம். கோலா தெர்லா பக்கத்திலிருந்து வரும் காய்கறி லோரிக்காரர், விலைபோகாத இரட்டைக் கால் காரட்டுகளைச் சாக்கோடு தள்ளிவிட்டுப் போவார். அப்பா அவற்றுக்குத் துணி சுற்றிப் பொம்மை செய்தார். சாயங்காலம் அதே பொம்மைகளைச் சீவிச் சீனிப்பாகில் கிண்டி மிட்டாயாக்கினார். 'என் ராசாவ வேகவச்சிட்டாரு' என்று குமார் ஊரைக் கூட்டி அழுதான், அழுதுகொண்டே இரண்டு கை நிறைய வாங்கித் தின்றான்.

சன்னல் ஐஸ் உடனே கைகூடிவிடவில்லை. முதல் தடவை தண்ணீர் கூடிப்போய், டின்னைச் சாய்த்தால் கஞ்சியாக ஓடியது, அதையும் குடித்தோம். மறுநாள் சரியாக வந்தது. குமார் நிமிடத்துக்கு ஒருமுறை சன்னல் பக்கம் போய் விரலை விடுவான். அப்பா கட்டிலில் இருந்தபடியே அதட்டுவார்:

"தொடாதடா! குளிரு வேல செஞ்சிக்கிட்டு இருக்கு. கெடுத்துடாதலா!"

சொல்லிவிட்டு, அம்மா பக்கம் பார்க்காமல், தனக்குத்தானே சொல்வதுபோல் ஒன்று சேர்த்துக்கொள்வார். "குளிருகூட வேல செய்யுது. இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான் சும்மா கெடக்குறேன்."

அம்மா அடுப்பில் இருப்பதை வேகமாகக் கிண்டுவாள்.

அந்தச் சமயம் தோட்டத்து 'ஆயாக் கொட்டகை' பூட்டிக் கிடந்தது. தாய்மார் வேலைக்குப் போனால் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பார்த்துக்கொண்டிருந்த ஆயா, தன் மகன் வீட்டோடு போய்விட்டார், வேறு ஆள் வரவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஒரு நாள் விடியற்காலையில் இடுப்புப் பிள்ளையோடு எங்கள் வாசலில் வந்து நின்று, "அண்ணே, இன்னிக்கு ஒரு நாளு மட்டும் பாத்துக்குங்கண்ணே, புண்ணியமா போவும்" என்றார். அந்த ஒரு நாள் மறுநாளும் வந்தது. அதற்கடுத்து இன்னொரு வீட்டுப் பிள்ளை, பின்னாலேயே அதன் அக்கா. வாரம் முடிவதற்குள் வீடு சந்தைக்கடை ஆகிவிட்டது. தூளியில் ஒன்று, மடியில் ஒன்று, மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒன்று. அப்பாவுக்கு நல்ல கொத்து மீசை. பிள்ளைகள் அழுதால் அதைத்தான் இழுக்கக் கொடுப்பார்.

கிராணி ஒரு நாள் குடையோடு வந்தார். ஆபீஸ் கணக்கும் ஆள் கணக்கும் அவர் கையில், தோட்டத்து மேலாளரான துரையின் உத்தரவுகளைக் கொண்டுவருபவரும் அவர்தான். அவர் லயத்துப் பக்கம் வந்தாலே நல்ல சேதி இருக்காது. அவர் வந்த நேரம், பிள்ளைகள் எல்லாம் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, சன்னலையே பார்த்துக்கொண்டு மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். 'சத்தம் போட்டா குளிரு ஓடிடும்' என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். கிராணி தயங்கி நின்றார். அப்பா ஒரு டின்னை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மனிதர் நின்றபடியே தின்றார், பாதி சட்டையில் விழுந்தது. துடைத்துக்கொண்டு, கண்ணைத் தரையில் வைத்தபடி சொன்னார்: "தொர சொல்லிட்டாருப்பா. மாசக் கடைசிக்குள்ள வீட்ட விட்ரணுமாம். நான் என்னா செய்யட்டும்?"

அப்பா கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று பிள்ளைகளுக்கு மிச்ச டின்களை நான்தான் பிரித்துக் கொடுத்தேன். என் பங்கைக் குமாரிடம் கொடுத்துவிட்டேன்.

சேதி லயம் முழுக்கப் பரவியது. மறுநாள் காலை பெரட்டில், பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்களாம். அஞ்சலை அக்காதான் வாயைத் திறந்தாராம்: "கொட்டாய்க்கு ஆளு தேடுறீங்கல்ல? அந்த அண்ணனப் போடுங்க. எம்புள்ள அவரு கையாலதான் சோறு திங்குது." ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பாம். 'ஆம்பள ஆயாவா?' என்று கிராணியும் சிரித்தாராம். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, கூடையையும் தூக்கவில்லை. மழையில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம், ஒரு நாள் பறிக்காவிட்டாலும் தோட்டத்துக்கு நட்டம். துரை வந்து பார்த்து, "சரி, செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து இதைச் சொன்னபோது, அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

"காலுதான் போச்சு. மீசையும் போவணுமா?"

அந்தக் குரலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. வீடு தப்பியதென்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவருக்கு அவ்வளவு வலித்தது. அம்மா மழைக்குக் கட்டியிருந்த ஈரச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னாள்:

"மீச இருந்துட்டுப் போவட்டுங்க. இல்லன்னா புள்ளைங்க எதப் புடிச்சி இழுக்குமாம்?"

அப்பா அவளை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே, தலைவாரி, மீசையை முறுக்கிக்கொண்டு, கட்டையை ஊன்றி, அம்மாவோடு சேர்ந்து வேலைக்குக் கிளம்பினார். சன்னலில் எங்களுக்காக இரண்டு டின் வைத்திருந்தார். குமார் வழக்கம்போல் விரலை நீட்டினான்.

"தொடாதடா, குளிரு வேல செய்யுது" என்றேன்.

"அப்பாவுமா?" என்றான்.

"அப்பாவுந்தான்டா."

அதற்குப் பிறகு அப்பா பல வருடம் கொட்டகையைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் 'ஆயாப்பா' என்று கூப்பிட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்த அன்று பிரிஞ்சாங்கிலிருந்தும் வேறெங்கெங்கிருந்தும் மீசை வைத்த பெரிய ஆட்களெல்லாம் வந்து 'ஆயாப்பா' என்று வாய்விட்டு அழுததைப் பார்த்து, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் விழித்தார்கள்.

இன்று அந்த லயம் இல்லை, கொட்டகை இருந்த இடத்தில் காய்கறிக்குப் போட்ட பிளாஸ்டிக் கூரைகள் நிற்கின்றன, மலைமேல் இருப்பவர்கள்கூட இப்போது வெக்கைக்குக் காற்றாடி வாங்குகிறார்கள். நான் கல்யாணமாகி ஈப்போவுக்கு இறங்கிவந்த புதிதில், ஆசைக்கு ஒரு நாள் அகார்-அகார் காய்ச்சினேன். குளிர்ப்பெட்டி வாங்காத காலம். இந்த வெக்கையில் எங்கே உறையப்போகிறது என்று டின்னில் ஊற்றி அடுப்புமேடையிலேயே விட்டுவிட்டேன். துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால், கல்லுப்போல உறைந்திருந்தது. அகார்-அகாருக்குக் குளிரே தேவையில்லையாம். ஆற வைத்தால் போதும், தானே உறைந்துவிடுமாம். ஊருக்கே தெரிந்த விஷயம், எனக்குத்தான் தெரியவில்லை. கையில் டின்னோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் அங்கே குளிர் ஒரு வேலையும் செய்யவில்லை. எல்லா வேலையையும் அப்பாதான் செய்திருக்கிறார்.